நேகிங்: வலிக்குப் பொருத்தம், ஆளுக்கு வம்பு

நோயாளி மருத்துவரிடம் சொன்னால் அது தகவல். கிரிக்கெட் வர்ணனையாளர் சொன்னால் பாராட்டு. கணவன் மனைவியைப் பார்த்துச் சொன்னால், அன்று இரவு அவனே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். மூன்று இடத்திலும் சொல் ஒன்றே: நேகிங்.

நம்மில் பெரும்பாலோர் இதற்கு ‘நச்சரிப்பு’ என்று ஒரு பொருளைப் படித்து வைத்திருக்கிறோம். அது தவறில்லை, ஆனால் பாதிதான். அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் போனால் ‘நச்சரிக்கும் முதுகுவலி’ என்று எழுதுவோம். ஆங்கிலத்தில் பேசப் போனால் சொல்லக் கூடாத ஆளிடம் சொல்லிவிடுவோம். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது ஒரு பக்கம் சாய்ந்த கருத்து: வலி, சந்தேகம், கேள்வி, காயம் போன்றவற்றுக்கு முன்னால் இந்தச் சொல்லைத் தாராளமாகப் போடுங்கள். ஆளுக்குப் போடுவதானால் முதலில் உங்களுக்கே போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குப் போடுவதை, அதிலும் ஒரு பெண்ணுக்குப் போடுவதை, கூடியவரை தவிருங்கள்.

முதலில் உச்சரிப்பு. பை என்ற பொருளில் ‘பேக்’ என்கிறோமே, அதே உயிரோசை. வாயைச் சற்று அகலத் திறக்க வேண்டும். ‘நேக்’ என்ற மூல வினையின் கடைசி எழுத்து ‘ஜி’, ஆகவே ‘நகம்’ என்பதில் வரும் மெல்லிய க-வைப் போல ஒலிக்க வேண்டும். இதில் கவனம் தேவை. அழுத்தி ‘நெக்கிங்’ என்று சொல்லிவிட்டால் காதலர்கள் கட்டிக்கொண்டு முத்தமிடுவது என்று பொருளாகிவிடும். மேலாளரைப் பற்றி அப்படிச் சொல்லி வைத்தால் அலுவலகம் ஒரு வாரம் சிரிக்கும். எழுதும்போது, ‘நேக்’ என்பதோடு ‘இங்’, ‘எட்’ சேரும்போதெல்லாம் இரண்டு ஜி வரும்.

இந்த வினைச்சொல் ஆங்கிலத்தில் வயது குறைந்தது. 1820-களில்தான் வட்டார வழக்காக எழுத்தில் தலைகாட்டுகிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அகராதி ஆசிரியர்களின் கணிப்பு. ஸ்வீடன், நார்வே வட்டார வழக்குகளில் இதே ஓசையுள்ள ஒரு சொல்லுக்குக் கொறிப்பது என்று பொருள். தமிழருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் ‘அரி’ இருக்கிறது. கரையான் மரத்தை அரிக்கிறது, கவலை மனத்தை அரிக்கிறது, பையன் பைக் வேண்டுமென்று அப்பாவை அரித்தெடுக்கிறான். பூச்சி, கவலை, பிள்ளை என்று மூன்றுக்கும் ஒரே வினையைப் பழகிய காதுக்கு நேகிங் எப்படி வலிக்கும் சந்தேகத்துக்கும் மனிதருக்கும் பொதுவாயிற்று என்பது புதிராக இருக்காது. ஒவ்வொரு கடியும் சின்னது, ஆனால் நிற்காது. இந்த இரண்டு குணமும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் இந்தச் சொல் பொருந்தும்.

வலியும் சந்தேகமும்

மருத்துவரிடமிருந்து தொடங்குவோம். கனடாவில் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், வலியை அளப்பதற்கு ஒரு வினாத்தாளை 1975-இல் வெளியிட்டார். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் லேசானதிலிருந்து கடுமையானது வரை வரிசைப்படுத்தியிருந்தார். உலகம் முழுவதும் இன்றும் புழக்கத்தில் இருக்கும் வினாத்தாள் அது. அதன் 20-ஆவது குழுவில் நேகிங்கும் இருக்கிறது. வரிசை இப்படி: நேகிங், நாஸியேட்டிங், அகனைஸிங், ட்ரெட்ஃபுல், டார்ச்சரிங். கடைசிச் சொல் சித்திரவதை. நேகிங் முதல் படி.

இது வெறும் தகவல் இல்லை. வெளிநாட்டில் மருத்துவமனைக்குப் போகும் ஒருவருக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ‘ஐ ஹேவ் எ டல், நேகிங் பெயின் இன் மை லோயர் பேக்’ என்றால், இடுப்புக்கு மேலே மந்தமாக ஒரு வலி, பல நாளாக விட மாட்டேன் என்கிறது, ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று மருத்துவர் புரிந்துகொள்வார். அவசரமில்லை என்றும் முடிவு செய்வார். திடீரென்று நெஞ்சை அழுத்துகிறது, இடது கைக்குப் பரவுகிறது, வியர்க்கிறது என்னும்போது இந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள். அதற்கு ‘க்ரஷிங்’ என்றோ ‘ஹெவி ப்ரெஷர்’ என்றோ சொல்ல வேண்டும். ஒரு சொல் தெரியும் என்பதற்காக அதையே எல்லா வலிக்கும் போட்டால், பெரிய வலியைச் சின்னதாக அறிவித்தவர்கள் ஆவோம்.

இருமலுக்கும் பழைய காயத்துக்கும் இதே கணக்குதான். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வீரருக்கு ‘நேகிங் ஹாம்ஸ்ட்ரிங் இன்ஜுரி’ என்று வந்தால், தொடைத்தசைக் காயம் ஆறவும் இல்லை, அவரை வெளியே உட்கார வைக்கவும் இல்லை என்று அர்த்தம்.

உடம்பை விட்டு மனத்துக்கு வந்தால் டவுட், சஸ்பிஷன், ஃபியர், வொர்ரி, ஃபீலிங், க்வெஸ்ச்சன் எல்லாமே இதோடு சேரும். ‘ஐ ஹேட் எ நேகிங் ஃபீலிங் தட் ஐ ஹேட் லெஃப்ட் தி கேஸ் ஆன்.’ ஊருக்குக் கிளம்பி பஸ் ஏறிய பிறகு, சிலிண்டரை மூடினோமா என்று வருமே, அதேதான். தமிழில் இதற்கு உறுத்தல் என்றோ நெருடல் என்றோ சொல்வோம். வினையாக வைத்தால் ‘அட்’ சேர்த்துக்கொள்ளும்: ‘சம்திங் அபவுட் ஹிஸ் ஸ்டோரி நேக்டு அட் மீ.’ அவன் சொன்ன கதையில் ஏதோ ஒன்று எனக்கு நெருடிக்கொண்டே இருந்தது. எழுவாய் ஒரு பொருளாகவோ எண்ணமாகவோ இருக்கும்போது இந்த ‘அட்’டை விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர்க்காரர்கள் வழுக்கும் ஓர் இடம் இங்கே உண்டு. நாம் ‘டவுட்’ என்ற சொல்லைப் பாடத்தில் புரியாத இடம் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். ‘சார், ஐ ஹேவ் எ டவுட்’ என்று கை தூக்காத மாணவர் இங்கே கிடையாது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ டவுட் என்பது நம்பிக்கையின்மை. அங்கே ஆய்வு மாணவர் ஒருவர் தன் பேராசிரியரிடம் ‘ஐ ஹேவ் எ நேகிங் டவுட் அபவுட் யுவர் தியரி’ என்று பணிவாகச் சொன்னால், உங்கள் கொள்கை தவறு என்று எனக்கு வெகுநாளாகப் படுகிறது என்றுதான் அவர் காதில் விழும். புரியவில்லை என்று சொல்ல வேண்டுமானால் ‘க்வெஸ்ச்சன்’ போதும். அதற்கு நேகிங் வேண்டாம்.

பாராட்டாகும் இடம்

கிரிக்கெட் ஆங்கிலத்தில் இது பாராட்டுச் சொல். ‘நேகிங் லைன் அண்ட் லெங்த்’ என்று வர்ணனையாளர் சொன்னால், பந்து வேகமாக வரவில்லை, பெரிதாகச் சுழலவும் இல்லை, ஆனால் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து மட்டையாளரை மூச்சுவிட விடவில்லை என்று பொருள். ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத்தைப் பற்றி எழுதியவர்கள் இந்தச் சொல்லை விட்டு வைக்கவில்லை. ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, திரும்பத் திரும்ப அதே இடம். 124 டெஸ்ட்களில் 563 விக்கெட்கள் அவருக்கு அப்படித்தான் சேர்ந்தன.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1964 ஜனவரியில், பிற்காலத்தில் நேரு ஸ்டேடியம் ஆன கார்ப்பரேஷன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியாவின் பாபு நட்கர்னி பந்து வீசினார். 32 ஓவர், அதில் 27 மெய்டன், கொடுத்தது 5 ரன். தொடர்ந்து 21 ஓவர்கள் ரன்னே இல்லை. விக்கெட்டும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. நேகிங் என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த அகராதியிலும் கிடையாது: ஆளை வீழ்த்தவும் இல்லை, விடவும் இல்லை.

பாராட்டு என்று சொல்ல முடியாவிட்டாலும், கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் இந்தச் சொல் தொழிற்சொல்லாகிவிட்டது. இலவசமாகத் தரப்படும் மென்பொருள், காசு கட்டு, பதிவு செய், புதிய பதிப்புக்கு மாறு என்று ஒரு பெட்டியை அடிக்கடி காட்டுமே, அதற்கு ‘நேக் ஸ்க்ரீன்’ என்று பெயர். அப்படிப்பட்ட மென்பொருள் ‘நேக்வேர்’. வின்ரார் இதில் ஊரறிந்தது. 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். பெட்டியும் வந்துகொண்டே இருக்கும். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை, நிறுத்துவதும் இல்லை.

ஆள் வந்துவிட்டால்

இதுவரை பார்த்த எதிலும் யார் மனமும் புண்படவில்லை. எழுவாயில் ஒரு மனிதரை உட்கார வைத்த உடனே கதை மாறுகிறது.

இலக்கணத்தை முதலில் முடித்துவிடுவோம். என்ன செய்யச் சொல்லி என்றால் ‘டு’: ‘மை சிஸ்டர் நேக்ஸ் மீ டு எக்ஸர்சைஸ்.’ எதைப் பற்றி என்றால் ‘அபவுட்’. எதைக் கேட்டு என்றால் ‘ஃபார்’. பிள்ளைகள் பொம்மைக்கும் ஃபோனுக்கும் செய்வது இதுதான். விளம்பரத் துறை இதற்கென்றே பெயர் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ‘நேக் ஃபேக்டர்’, பிரிட்டனில் ‘பெஸ்டர் பவர்’. பிள்ளையின் கண்ணில் பொருளைக் காட்டிவிட்டால் போதும், வாங்க வைக்கும் வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு. பில் போடும் இடத்தருகே, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் மிட்டாய் அடுக்கியிருப்பது தற்செயல் அல்ல.

நான்காவது ‘இன்டு’. இதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பேச்சில் அழகாக உட்காரும். ‘மை வைஃப் நேக்டு மீ இன்டு சீயிங் எ டாக்டர்.’ மனைவி விடாமல் சொல்லிச் சொல்லிக் கடைசியில் மருத்துவரிடம் போனேன். ‘டு’ போட்டால் சொன்னாள் என்பதோடு நிற்கும், போனாரா என்று தெரியாது. ‘இன்டு’ போட்டால் காரியம் நடந்துவிட்டது. நோய் முற்றுவதற்கு முன் தப்பித்த ஆண்கள் பலரும் ஆங்கிலத்தில் இந்த வாக்கியத்தை நன்றியோடு சொல்வதைக் கேட்கலாம். சொல்பவர் தன் சோம்பலையே கேலி செய்துகொள்வதால் இங்கே அது வசை ஆகாது.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அவள் ஏன் பத்து முறை சொன்னாள்? ஒன்பது முறை அவன் போகவில்லை. ஆளைப் பற்றி வரும் எந்த நேகிங் வாக்கியத்திலும் செய்யாமல் விட்ட ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. கேட்டவரைக் குற்றவாளி ஆக்கி, செய்யாதவரைப் பாவம் ஆக்கிவிடும் தந்திரம் இந்தச் சொல்லுக்குத் தெரியும். ‘ஸ்டாப் நேகிங் மீ’ என்ற மூன்று சொல்லுக்கு அவ்வளவு கோபம் வருவதும் அதனால்தான்.

அந்தத் தந்திரம் காலகாலமாகப் பெண்களின் மேல்தான் அதிகம் பாய்ந்திருக்கிறது. ‘எ நேக்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால், பெண் என்று தனியாகச் சொல்லாமலே கேட்பவர் மனத்தில் ஒரு மனைவியோ தாயோ மாமியாரோ வந்து நிற்கிறார். அப்பா பத்து முறை சொன்னால் ‘ரிமைண்ட்’, அம்மா பத்து முறை சொன்னால் ‘நேக்’. இதன் முன்னோடி இங்கிலாந்துச் சட்டத்திலேயே இருந்தது. ஓயாமல் சச்சரவு செய்து அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யும் பெண்ணை ‘காமன் ஸ்கோல்ட்’ என்று சொல்லி, நாற்காலியில் கட்டி நீரில் அமுக்கும் தண்டனை கொடுத்தார்கள். அந்தக் குற்றத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது 1967-இல். அமெரிக்காவில் ஆன் ராயல் என்ற பத்திரிகையாளர் 1829-இல் வாஷிங்டனில் இதே குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார். நீரில் அமுக்குவது பழைய காலத்து வழக்கம் என்று விட்டு, 10 டாலர் அபராதம் போட்டார்கள்.

மனைவியைக் கொன்றுவிட்டு, ‘அவள் ஓயாமல் நேக் செய்தாள், நிதானம் இழந்தேன்’ என்று சொல்லித் தண்டனையைக் குறைக்கப் பார்த்தவர்களின் வழக்குகளும் இங்கிலாந்தில் உண்டு. அந்த வாதத்துக்கு இடம் தந்துவந்த பழைய விதியை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

நம் காலத்திலும் பழக்கம் போகவில்லை. 2014-இல் டென்மார்க்கில் 36 முதல் 52 வயது வரையுள்ள சுமார் 10,000 ஆண், பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு வெளியானது. துணைவர், பிள்ளைகள், உறவினர், நண்பர், அண்டைவீட்டார் ஆகியோர் தரும் ஓயாத கோரிக்கைகளும் கவலைகளும் சச்சரவுகளும் ஆயுளோடு எப்படித் தொடர்புடையவை என்பதே அதன் கேள்வி. ஆங்கிலச் செய்தித் தலைப்புகள் பலவும் அதை ‘நேகிங்’ என்ற ஒரு சொல்லில் சுருக்கிவிட்டன. ஆய்வில் அண்டைவீட்டாரும் இருந்தார்கள். தலைப்பைப் படித்தவருக்கு மனைவிதான் ஞாபகம் வந்திருப்பார்.

ஆகவே அலுவலக மின்னஞ்சலில் சக ஊழியரைப் பற்றி ‘ஷி கீப்ஸ் நேகிங்’ என்று எழுதாதீர்கள். எழுதியது ஆண் என்றும் எழுதப்பட்டது பெண்ணைப் பற்றி என்றும் மனிதவளத் துறைக்குத் தெரிந்தால் விளக்கம் எழுத வேண்டி வரும். உண்மையிலேயே தொந்தரவு என்றால் வேறு சொற்கள் இருக்கின்றன. கேட்டதையே கேட்டு நச்சரித்தால் ‘பெஸ்டர்’. இதற்கு ஆண், பெண் சாயல் இல்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தால் ‘பேட்ஜர்’. அந்தப் பெயருள்ள விலங்கின் மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்த்த பழைய இங்கிலாந்து விளையாட்டிலிருந்து வந்தது. முடிந்துபோன ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டே இருந்தால் ‘ஹார்ப் ஆன்’. ஒரு முறை பலமாகத் திட்டினால் அது ‘ஸ்கோல்ட்’, நேகிங் அல்ல. அதிகாரி ஒரு முறை கத்தியதை நம்மவர்கள் நேகிங் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எத்தனை முறை நடந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கே போட்டுக்கொள்வது பாதுகாப்பானது, பல நேரம் பயனுள்ளதும்கூட. இரண்டு முறை கேட்டும் கோப்பு வரவில்லை. மூன்றாம் முறை எழுதும்போது ‘ஐ டோன்ட் மீன் டு நேக், பட் வீ நீட் தி ஃபைல் பை ஃபோர்’ என்று தொடங்கினால், திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும் என்ற தொனி வந்துவிடும். எதிரில் இருப்பவர் எரிச்சலைக் காட்டுவதற்கு முன் நீங்களே அந்தச் சொல்லை எடுத்துவிட்டீர்கள். ஒரே ஆளிடம் ஒரு முறைக்கு மேல் இதைப் பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு மின்னஞ்சலும் இப்படித் தொடங்கினால் அதுவே நேகிங். வாடிக்கையாளருக்கோ மேலதிகாரிக்கோ எழுதும்போது இதுவும் தேவையில்லை. ‘ஜஸ்ட் ஃபாலோயிங் அப் ஆன்’ போதுமானது. பிரிட்டிஷ் நிறுவனங்களில் ‘ஸாரி டு சேஸ்’ என்பார்கள். நம் ஊர் ‘ஜென்டில் ரிமைண்டர்’ இந்திய அலுவலகங்களுக்குள் தாராளமாகச் செல்லும்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலைக்குப் போகிறவர்கள் ‘நேகி’ என்ற பெயரடையை அடிக்கடி கேட்பார்கள். ‘மை மதர் வெரி நேகி’ என்று அங்கே பிள்ளைகள் சொல்வதில் பாதி சலிப்பு, பாதி பாசம். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். அவர்கள் அம்மாவை நீங்கள் அப்படிச் சொல்ல வேண்டாம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ‘நேக்’ என்று இன்னொரு பெயர்ச்சொல் உண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்றே, ஆனால் பிறப்பு வேறு. 1400-ஐ ஒட்டிய காலத்திலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. முதலில் சவாரிக்கான சின்னக் குதிரை, பிறகு வற்றிப்போன கிழட்டுக் குதிரை. ஸ்பானிய நாவலின் நாயகன் டான் கிஹோட்டேயின் குதிரைக்கு ரோசினான்டே என்ற பெயர் வந்ததே, ‘ரோசின்’ என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்துதான். அதற்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இந்த நேக். பந்தயக்காரர்கள் பேச்சில் ‘ஹி லாஸ்ட் ஹிஸ் மனி ஆன் தி நேக்ஸ்’ என்றால் குதிரைப் பந்தயத்தில் காசை விட்டான் என்று பொருள். நச்சரித்தவர்களிடம் விட்டான் என்றல்ல. இந்தப் பொருளில் நீங்கள் பேச வேண்டிய நாள் அநேகமாக வராது. படிக்கும்போது எதிர்ப்பட்டால் குதிரை என்று தெரிந்தால் போதும்.